மண் குவளையும் பீங்கான் கோப்பையும்

திறமையுடையார்க்கு உலகம் தானே வழிவிடும் என்பது மேடைகளிலும் பாடப் புத்தகங்களிலும் நாம் ஓயாது கேட்டுவரும் மொழி. அம்மொழி இளைஞர்க்கு ஊக்கமளிப்பது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது முழு உண்மையா, பாதி உண்மையா என்று ஆராய்ந்து பார்ப்பது கற்றோர் கடன். அவ்வாராய்ச்சிக்கு விளையாட்டைக் காட்டிலும் நல்ல களம் வேறில்லை. ஏனைத் துறைகளில் ஒருவர் திறமையை மறைக்கவும் மறுக்கவும் வழிகள் பல உண்டு. கிரிக்கெட் களத்திலோ விக்கெட் வீழ்ந்தால் வீழ்ந்ததுதான்; ஆயிரம் பேர் பார்த்திருக்க வீழ்ந்ததை எவரும் இல்லையெனல் இயலாது. அத்தகைய களத்திலும் ஒருவருடைய திறமைக்கு எவ்வளவு தொலைவு வழி விடப்பட்டது, எவ்விடத்தில் வழி அடைக்கப்பட்டது என்பதைக் காணும் நோக்கத்தோடு, இந்திய நாட்டின் முதற்பெரும் பந்துவீச்சாளர் எனப்படும் பல்வங்கர் பாலுவின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

பாலு 1876ஆம் ஆண்டில் தார்வாரில் பிறந்தார். அவர் குடும்பம் தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கிவைக்கப்பட்ட சமார் வகுப்பைச் சேர்ந்தது. கொங்கணக் கரையிலுள்ள பல்வண் என்னும் ஊரே அவர்தம் பூர்விகம். பல்வங்கர் என்னும் பெயர் அதனால் வந்தது. தந்தையார் இராணுவத்தில் ஊழியம் பார்த்தார். பூனா நகரில் வளர்ந்த பாலுவும் அவர் தம்பி சிவராமும், இராணுவ அதிகாரிகள் ஆடிக் கழித்த மட்டைகளையும் பந்துகளையும் கொண்டே கிரிக்கெட் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டனர். பார்சி வகுப்பினர் நடத்திய சங்கமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை பாலுவுக்கு முதலில் கிடைத்தது. சம்பளம் மாதம் மூன்று ரூபாய். பின்னர் 1892ஆம் ஆண்டையொட்டி, ஐரோப்பியருடைய பூனா கிளப்பில் நான்கு ரூபாய்ச் சம்பளத்திற்கு அமர்ந்தார். களத்தைச் சமன் செய்தல், கோடு போடுதல், பயிற்சிக்கு வலை கட்டுதல் என்பனவே ஆங்கு அவர் கடமைகள்.

வலை கட்டிய கை, வலையில் ஆடும் துரைமார்க்குப் பந்தெறியவும் அழைக்கப்பட்டது. இடக்கையால் மெல்லென எறியும் அவர் பந்து, தரையில் பட்டதும் எப்பக்கம் திரும்பும் என்பதை முன்கூட்டி அறிதல் அரிதாயிற்று. அக்காலத்தில் இந்தியாவிலிருந்த ஐரோப்பிய ஆட்டக்காரருள் தலைசிறந்தவரான கிரேக் என்னும் இராணுவ அதிகாரி, தம்மை ஒருமுறை வீழ்த்தினால் எட்டணா தருவதாகச் சொல்லி, நாள்தோறும் பாலுவிடம் பயிற்சி பெற்றார் என்றொரு செய்தி வழங்குகிறது. அதன்படி எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம்! ஆயினும் அவ்வளவு காலம் பந்தெறிந்த பாலுவின் கையில் அச்சங்கத்தார் ஒருநாளேனும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது பெருமக்கள் விளையாட்டு, பந்தெறிவது ஊழியம். இங்கிலாந்திலும் அந்நாளில் கூலி பெறாமல் ஆடும் கனவான்கள் வேறு, ஊதியத்திற்கு ஆடுவோர் வேறு என்னும் பாகுபாடு இருந்தது. 1962ஆம் ஆண்டு வரை அஃது ஒழியவில்லை. ஆனால் அங்கே அது செல்வ வேற்றுமையோடு நின்றது. இங்கே அதற்கு மேலும் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது.

பூனா இந்துக்கள் ஐரோப்பியரோடு பொருத முற்பட்டபோது அச்சுவர் வெளிப்பட்டது. வெல்லவேண்டுமாயின் பாலு வேண்டும். ஆனால் பாலு தீண்டத்தகாதவர் எனப்பட்டவர். அணிக்குள்ளேயே வாதம் எழுந்தது. முடிவில் வெற்றி வேட்கையே வென்று பாலு சேர்க்கப்பட்டார். களத்தினுள் அனைவரும் அவர் எறிந்த பந்தையே தொட்டு ஆடினர். ஆட்டத்தின் இடைவேளையிலோ நிலை வேறாயிற்று. ஏனையோர் மண்டபத்தினுள் வெண்பீங்கான் கோப்பைகளில் தேநீர் பருகினர். பாலுவுக்கோ வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் வந்தது. உணவு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ நீர் வேண்டுமாயின், அவரைப் போன்றே ஒதுக்கப்பட்ட ஊழியர் ஒருவர் மைதானத்தின் ஒரு மூலைக்குச் சென்று வார்ப்பார்.

இம்மண் குவளையின் பொருளை நம் பகுதியார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெண்ணாடத்திற்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊர். சுட்ட மண் குவளையும் மண்ணே. பீங்கான் கோப்பையும் மண்ணே. களிமண்ணின் வகையும், சூளையின் வெப்பமும், மேலே பூசும் மெருகுமே இரண்டையும் வேறுபடுத்துவன. மெருகிட்ட கோப்பையைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். மெருகில்லாத குவளை நீரை உறிஞ்சுவது. ஒருமுறை பயன்படுத்தி உடைத்து எறிதற்கு ஏற்றது. பாலுவுக்கு மண் குவளை கொடுத்ததன் காரணமும் இதுவே. பீங்கான் கொடுத்திருந்தால் அதை ஒருவர் கழுவவேண்டும். கழுவிய கோப்பையில் மறுநாள் மற்றொருவர் பருகவேண்டும். அக்கழுவுதலும் அப்பருகுதலும் நேராதிருத்தற்கே அக்குவளை. அவர் வீழ்த்திய விக்கெட்டுகளை மட்டும் தம் கணக்கில் வைத்துக்கொண்டு, அவர் உதடு பட்டதை உடைத்தெறிந்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

இவ்விடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. அறுபத்துமூவருள் ஒருவரான கலிக்கம்ப நாயனார் வாழ்ந்த பெண்ணாகடமே இன்றைய பெண்ணாடம். முன்பு தம் மனையில் ஏவல் செய்து பின் நீங்கிச் சென்ற ஒருவர், சிவனடியார் வேடத்தோடு வந்தபோது, நாயனார் அவர் கால்களைத் தம் கையால் விளக்க முற்பட்டார். நீர் வார்க்கவேண்டிய மனைவியாரோ, நம்மிடம் வேலை பார்த்தவரன்றோ என்று தயங்கி நின்றார். அத்தயக்கத்தைப் பொறாது நாயனார் செய்த செயலின் கடுமையை நாம் போற்றவில்லை. எக்காலத்தும் எவரும் பின்பற்றத் தக்கதன்று அது. நாம் கருதுவது அத்தயக்கத்தையே. நேற்று நம்மிடம் ஊழியம் செய்தவர் இன்று உயர்ந்து நின்றால், அவருக்கு நீர் வார்க்க நம் கை தயங்குகிறது. பூனாவில் மைதானத்து மூலையில் கண்டதும் அத்தயக்கமே.

பூனாவில் 1896ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியது. பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். ஆங்கிருந்த இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அணித்தலைவர் கீர்த்திகர் என்பார் உறுதியாக நின்று வாதாடியதனாலேயே இடம் கிடைத்தது. 1906ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் பொருதனர். இந்துக்கள் 242, 160 என ஓட்டங்கள் எடுத்தனர். ஐரோப்பியர் 191, 102 என்னும் எண்களில் ஆட்டமிழந்தனர். 109 ஓட்டங்களால் கிடைத்த அவ்வெற்றிக்குப் பாலுவின் பந்துவீச்சுத் தலையாய காரணமாயிற்று. ஆளுவோரை ஆளப்படுவோர் வென்ற அச்செய்தி நாடெங்கும் மகிழ்ச்சியை விளைத்தது.

அவ்வெற்றியில் அடங்கிய மற்றொரு வெற்றியையும் கண்டு எழுதிய இதழொன்று உண்டு. சென்னையில் 1890இல் தோன்றிப் பின் பம்பாய்க்கு மாறிய 'இந்தியன் சோஷியல் ரிபார்மர்' என்பதே அது. அதன் ஆசிரியர் மன்னார்குடியிலிருந்து சென்ற காமாட்சி நடராசன் என்னும் தமிழர். பாலு உடன்பிறந்தாரை ஜிம்கானாவில் சேர்த்துக்கொண்டமை, இளைஞர் உள்ளங்களை விரிவாக்கியதில் ஏனைச் சீர்திருத்த முயற்சிகளையெல்லாம் விஞ்சியது என்பது அவ்விதழின் கருத்து. பம்பாயில் அவர்கள் மற்றவரோடு ஒருங்கிருந்து உண்ணும் நிலையும் ஏற்பட்டிருந்தது. பூனாவின் மண் குவளை பம்பாயில் பீங்கான் கோப்பையாயிற்று. எனவே விளையாட்டு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். அது செய்தது பெரிது. ஆனால் அது நின்றுபோன இடமும் ஒன்றுண்டு.

அவ்விடத்தைச் சொல்லுமுன் அவர் திறமையின் உயரத்தைக் குறித்தல் வேண்டும். 1911ஆம் ஆண்டில் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கைத் தலைவராகக் கொண்டு இந்திய அணியொன்று இங்கிலாந்து சென்றது. மகாராஜா சில ஆட்டங்களோடு ஒதுங்கிக்கொண்டார். அணி பெரும்பாலும் தோல்வியே கண்டது. முதல்தர ஆட்டங்கள் 14இல் வென்றவை லெஸ்டர்ஷயருக்கும் சாமர்செட்டுக்கும் எதிரான 2 மட்டுமே. அத்தோல்விகளுக்கிடையே 35 வயதினரான பாலு அவ்வொரு கோடையில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் ஒன்றுக்கு அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரி 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஒரே ஆட்டப் பகுதியில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தார். அவருடைய முதல்தர ஆட்டங்கள் அனைத்தையும் கூட்டினால் 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. தாயகம் திரும்பியபோது பம்பாயிலுள்ள ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பளித்தனர். அதில் வாழ்த்துரை எழுதிப் படித்தவர், அந்நாளில் கல்லூரி மாணவராயிருந்த பீமராவ் அம்பேத்கர்.

இத்தகைய ஒருவர் தம் அணிக்குத் தலைவராக வேண்டும் என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்? 1912 முதல் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என நால்வகை அணியினர் பம்பாயிலும் பூனாவிலும் ஆண்டுதோறும் பொருதனர். ஆண்டுதோறும் இந்து அணிக்குத் தலைவரைத் தெரிந்தெடுக்குங்கால் பாலுவின் பெயர் எழும், எழுந்து அடங்கும். வயதிலும் அனுபவத்திலும் திறமையிலும் அவருக்குப் பின்னிற்பவரே தலைவராவர். பந்தெறியும்போது அவர் தலைவர் சொல்வதைக் கேட்பவர். தலைவரானாலோ மேல்வகுப்பார் பதின்மர் அவர் சொல்வதைக் கேட்டு நடக்கவேண்டும். கோப்பையில் இளகிய உள்ளம் இங்கே இறுகிவிட்டது.

தலைமையின் இலக்கணத்தை அறிதற்கும் நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டினரும் சிவஞானபோதம் அருளியவருமான மெய்கண்டார்க்குப் பெண்ணாகடமே தந்தையார் ஊர். சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்ற அருணந்தி சிவாசாரியார் அக்குடும்பத்திற்குக் குரு. அக்குருவே, வேளாளர் குலத்துத் தோன்றிய மெய்கண்டாரிடம் இளமையிலேயே ஞானம் விளங்கக் கண்டு, அவர் அடி பணிந்து மாணாக்கரானார் என்பது சைவ மரபு. வயதும் வருணமும் பட்டமும் ஒருபுறமாக, அறிவு மறுபுறமாக நின்றபோது, அருணந்தியார் அறிவுடையாரின் முன் எழுந்து நின்றார். அவ்வெழுச்சியில் அவருக்கு வந்த குறைவு யாது? மெய்கண்டாரின் பெயரோடு அவர் பெயரும் சைவ உலகில் நின்று நிலவுகிறது.

பம்பாயிலும் அத்தகைய உள்ளம் படைத்தார் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. தலைமைப் பதவி பெற்ற எம். டி. பாய் என்பார், தமக்கு நிகழ்ந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, இப்பெருமை என் நண்பர் பாலுவுக்கே உரியது என்னும் பொருள்படப் பேசினார். 1920ஆம் ஆண்டுப் போட்டியில் முதலில் பாலு அணியிலிருந்தே விடப்பட்டார். தலைமையும் தமையனார்க்கோ தமக்கோ வாராதபடி செய்யப்பட்டமை கண்டு, சிறந்த மட்டையாளர்களான தம்பியர் விட்டலும் சிவராமும் தம் மனக்குறையை ஊரறிய வெளியிட்டு விலகி நின்றனர். அது மக்களிடையே பெருங்கிளர்ச்சியை உண்டாக்கிற்று. இறுதி ஆட்டத்திற்குப் பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார். பாய் ஆட்டத்தினிடையே சிறிது நேரம் களத்தினின்றும் வெளியேறினார்; அச்சிறு நேரமே பாலு தலைவராக நின்ற காலம். 1923இல் விட்டல் முறைப்படி தலைவரானார். அவ்வாண்டு இந்துக்களே வாகை சூடினர். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது. அண்ணன் தலைமைக்குத் தகுதியற்றவர் என்னும் சொல் எவ்வளவு பொய் என்பதும் அதனால் விளங்கிற்று.

இப்போது நாம் முதலிற் கூறிய மொழிக்கு வருவோம். திறமையுடையார்க்கு உலகம் தானே வழிவிட்டதா? பாலுவின் வரலாற்றில் வழி திறந்த இடங்களை எண்ணிப் பார்ப்போம். அணிக்கு வெற்றி வேண்டியிருந்தபோது களத்தின் வாயில் திறந்தது. அதைத் திறந்தது பிறர் தேவை. கீர்த்திகர் வாதாடியபோது ஜிம்கானாவின் வாயில் திறந்தது. பாய் உண்மை பேசியும் தம்பியர் மானத்தோடு விலகியும் நின்றபோது தலைமையின் வாயில் திறந்தது. இவற்றுள் ஒன்றேனும் தானே திறந்ததில்லை. திறமை ஒருவரை வாயில் வரையில் கொண்டுவந்து நிறுத்தும். தாழ்ப்பாளோ உள்ளே இருக்கிறது. உள்ளிருப்பார் நீக்கவேண்டும், அன்றி வெளியில் நிற்பார் விடாது தட்டவேண்டும். இரண்டும் நிகழாதவிடத்துத் திறமை வாயிலிலேயே முதுமையடையும்.

அமெரிக்க நாட்டின் வரலாறும் இதற்கே சான்று பகரும். பேஸ்பால் என்னும் அந்நாட்டுப் பந்தாட்டத்தில் சாட்செல் பெய்ஜ் என்னும் கறுப்பினப் பந்தெறிவாளர் ஈடிணையற்றவராய் விளங்கினார். நிறவேற்றுமையால் பெரும் போட்டிகளின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. 1947இல் ஜாக்கி ராபின்சன் அக்கதவுள் நுழைந்தார். மறு ஆண்டில் பெய்ஜ் அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது 42. பிறர் ஓய்வு கொள்ளும் பருவத்தில் அவருக்கு வாயில் திறந்தது. இழந்த இளமையை அவருக்கு யார் திருப்பித் தருவார்?

பழங்கதையைக் கிளறுவானேன், விளையாட்டைப் பாராட்டி அமைதல் போதாதா என்று சிலர் வினவலாம். பாராட்டு எளிது. பாலுவுக்கு மண் குவளை கொடுத்தவர்களும் அவர் பந்துவீச்சைப் பாராட்டியவர்களே. பாராட்டும் அவமதிப்பும் ஒரே மைதானத்தில் ஒரே நாளில் ஒன்றோடொன்று முரணாமல் வாழமுடியும் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் அரிய உண்மை. ஆகவே ஒருவர் திறமையை நாம் புகழ்கின்றோம் என்பது நம் நடுவுநிலைமைக்குச் சான்றாகாது. அவரோடு உண்கின்றோமா, அவர் தலைமையின் கீழ் நிற்க இசைகின்றோமா என்பனவே சான்றாவன.

பாலுவின் பிற்கால வாழ்வும் இவ்வினாவினின்று விலகவில்லை. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தில், அம்பேத்கர், நம் தமிழ்நாட்டு எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் கையெழுத்துகளோடு பாலுவின் கையெழுத்தும் உண்டு. 1937ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று, 13,245க்கு 11,225 என்னும் வாக்குக் கணக்கில் தோற்றார். முன்னர் வாழ்த்துரை படித்தவரும் அவ்வாழ்த்தைப் பெற்றவரும் எதிரெதிரே நிற்கும்படி ஆயிற்று. இருவர் வழிகள் வேறுபட்டன. இருவரும் தட்டிய கதவு ஒன்றே.

பாலு 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் பம்பாயில் காலமானார். அவ்வாண்டு ஜூன் முதல் நாளிலேதான் தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொது உணவு விடுதிகளில் வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவொட்டாமல் ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது அச்சட்டத்தின்படி குற்றமாயிற்று. மண் குவளையில் தேநீர் பருகிய கையுடையார் அச்சட்டத்தின் கீழ் வாழ்ந்த காலம் ஒரு மாதமும் சில நாட்களுமே. பின்னர் அவர் பெயர் நெடுங்காலம் மறதியில் ஆழ்ந்தது. வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002இல் வெளியிட்ட கிரிக்கெட் வரலாற்றின் வாயிலாகவே பலரும் அவரை மீண்டும் அறிந்தனர்.

சட்டம் வந்த பின்னரும் தமிழகத்துத் தேநீர்க் கடைகள் சிலவற்றில் இரட்டைக் குவளை முறை வழங்கியதை நாம் கேட்டிருக்கின்றோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி அது. சட்டம் கடைக்குள் நுழையும். உள்ளத்துள் நுழைய அதற்கு ஆற்றலில்லை. ஆங்கு நுழைய வல்லது கல்வி ஒன்றே; அதுவும் நடையில் வெளிப்படும் கல்வியாயின்.

மாணவ நண்பர்காள்! நம் விளையாட்டு மைதானத்தை அதிகாலையில் பெருக்கிக் கோடு போடுபவர் யார், அவர் பெயர் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்திருக்கின்றோம்? அவர் மகன் நன்கு பந்தெறிவானாயின் அவனை அணியில் சேர்த்துக்கொள்வோம். ஐயமில்லை, நமக்கு வெற்றி வேண்டுமே! ஆனால் அணித்தலைவனைத் தெரிந்தெடுக்கும் நாளில் அவன் பெயரை முன்மொழிய நம்மில் எவர் எழுவார்? ஆட்டம் முடிந்தபின் அவனைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று, வீட்டார் பருகும் கோப்பையிலேயே தேநீர் கொடுப்பவர் எவர்? பாலுவின் விக்கெட்டுகளை எண்ணிவைக்க ஏடுகள் உள்ளன. இவ்வினாக்களுக்கு விடை எழுதவேண்டிய ஏடு நம் கையிலே இருக்கிறது. கலிக்கம்பரும் மெய்கண்டாரும் நம் ஊரினர் என்று பெருமை பேசும் நாம், அவ்வேட்டைக் கறையின்றி எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.